'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

சமையல் குறிப்பு எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது உப்பு வரியைத்தான். "உப்பு - தேவையான அளவு" என்று இருக்கும். புளி "எலுமிச்சம்பழ அளவு". பெருங்காயம் "ஒரு சிட்டிகை". தேங்காய்த் துருவல் "சிறிது". சமைக்கத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் புரியும். ஆனால் அவளுக்குத்தான் குறிப்பே வேண்டாமே! தெரியாதவள்தானே குறிப்பைத் தேடிப் போகிறாள்? அவளுக்குத் தேவையான அளவு எவ்வளவு என்று யார் சொல்வது? அம்மா சொல்வார், மாமியார் சொல்வார் என்பீர்கள். அந்த இரண்டு பேரும் இல்லாத வீட்டில்?

வாதத்துக்காகக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. எங்கள் எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கும் பேர்போன ஊர். ஆட்டுச்சந்தை ஊரில் இருந்துகொண்டு சைவச் சமையலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். கறி எடுப்பது வாரத்தில் ஒரு நாள். வெள்ளி, செவ்வாய், அமாவாசை, புரட்டாசி மாதம், யாராவது மாலை போட்டால் ஒரு மண்டலம் என்று கணக்குப் பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் பருப்பும் காயும்தான். என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ளக் கஷ்டமானதும் அதுதான். கறிக்குழம்பில் உப்பு உறைப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கறி அதை மூடிவிடும். பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும் எதையும் மூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இறந்துபோனார். எனக்கு நாலைந்து வயதுதான் மூத்தவர். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு, பெண் ஐந்தாம் வகுப்பு. அந்த அண்ணன் காலையில் ஆறு மணிக்கெல்லாம் கோவில்பட்டிக்கு வேலைக்குப் பஸ் ஏறுகிறவர். முதல் இரண்டு மூன்று மாதம் தெருக்காரர்கள் நாங்கள் ஆளுக்கொரு நாள் தூக்குவாளியில் குழம்பும் காயும் கொடுத்துவிட்டோம். பிறகு அந்தப் பையனே அடுப்பு பற்ற வைத்துவிட்டான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து சோறு, ரசம், பருப்பு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் கேட்டான், "சித்தி, வீடியோவுல 'கொஞ்சமா சேத்துக்கோங்க'ன்னு சொல்றாங்களே, அவங்க கரண்டி பெருசா சின்னதான்னே தெரியலையே?" நியாயமான கேள்விதானே!

மறுவருஷம் அம்மாவுக்குத் திதி வந்தது. பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சித்தி, அம்மாவுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்தான் ரொம்பப் பிடிக்கும். நாங்களே வச்சுப் படைக்கணும். அம்மா வைக்கிற மாதிரியே இருக்கணும்."

மற்ற மாவட்டத்துச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். உளுந்தஞ்சோறு என்பது எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாடு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய் போட்டுப் பொங்குவது. சுடச்சுட நல்லெண்ணெய் விட்டு, எள்ளுத் துவையலும் அவியலும் வைத்துச் சாப்பிட வேண்டும். பெண்ணுக்கு இடுப்புக்குப் பலம் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் தட்டில் வைப்பார்கள்.

என்னென்ன சாமான் என்பதில் எங்களுக்குள் சந்தேகம் இல்லை. அந்த அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். நாலு பெண்கள் கூடி உட்கார்ந்தோம். பூண்டை முழுசாகப் போடுவார் என்றார் ஒருவர். இல்லை, தட்டித்தான் போடுவார் என்றார் இன்னொருவர். தேங்காய் சோறோடு வேகுமா, இறக்கிய பிறகு தூவுவதா? உளுந்து அரிசிக்குப் பாதியா, மூன்றில் ஒன்றா? எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறோம், ஒருத்தரும் கையைக் கவனிக்கவில்லை. திதிக்கு முந்தைய வாரத்தில் மூன்று தடவை வைத்துப் பார்த்தோம். மூன்று தடவையும் அந்தச் சின்னப்பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு சித்தி. ஆனா அம்மா வைக்கிறது இது இல்ல" என்றாள். மூன்றாவது தடவை வைத்ததைப் போலவே வைத்துப் படைத்தார்கள். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. அந்த அக்காவின் உளுந்தஞ்சோறு அவரோடு போய்விட்டது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மதுரையில் இருக்கும் என் பெரியம்மா, "எனக்கு சமையல் சொல்லிக் கொடுத்தது எங்கம்மா இல்லட்டி, மீனாட்சி அம்மாள்" என்றார். அவருக்குக் கல்யாணத்தில் யாரோ பரிசாகக் கொடுத்த புத்தகமாம். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. பல வாசகியருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத இளம் பெண்களுக்காகச் சொல்கிறேன்.

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மகனை வளர்க்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. அவர் கைச் சமையலைச் சாப்பிட்டவர்கள், கல்யாணமாகி வெளியூருக்குப் போன உறவுப் பெண்கள் எல்லாரும் இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிடப் புத்தகமாகவே எழுதிவிடேன் என்று தூண்டியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி அய்யர். 1951-ல் முதல் பாகம் வந்தது. அடுத்தடுத்த பாகங்களும் வந்து, இங்கிலீஷிலும் வந்தது. 1962-ல் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். ஆனால் வெளிநாடு போகிற பெண்ணின் பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பக்கத்தில் அவருடைய புத்தகத்தையும் வைத்து அனுப்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு பெண், அதுவும் கணவரை இழந்தவர், அடுப்படியில் கற்றதை வைத்துப் புத்தகம் போடுவது லேசான காரியமா? சமையலைப் புத்தகம் பார்த்தா கற்றுக்கொள்வார்கள் என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் எழுதிய காலத்தில் கிராம், லிட்டர் நம் அடுப்படிக்கு வரவில்லை. மெட்ரிக் அளவுக்கான சட்டமே 1956-ல்தான் வந்தது. அதற்கு முன் பலமும் ஆழாக்கும்தான். ஒரு பலம் என்பது சுமார் 35 கிராம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அதிலும் ஊருக்கு ஊர் படி மாறும். அப்படிப்பட்ட நாளில், அடுப்படியே தெரியாத பெண்ணும் பார்த்துச் செய்யும்படி அளவு சொல்லி எழுத வேண்டும் என்று ஒருத்தருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு அம்மாள் இருந்தாராம். ஃபேனி ஃபார்மர் என்று பேர். சிறுவயதில் பக்கவாதம் வந்து படிப்பு நின்றுபோனவர். பிறகு பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே தலைமைப் பொறுப்புக்கு வந்து, 1896-ல் ஒரு புத்தகம் போட்டார். கரண்டியில் குவித்து அளக்காதீர்கள், தலைதட்டி அளந்து போடுங்கள் என்பது அவருடைய பிடிவாதம். நம் ஊரில் களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலின் தலையை வழித்து அளப்பார்களே, அதே சங்கதிதான். நெல்லுக்குத் தெரிந்த கணக்கு மிளகாய்ப் பொடிக்கு ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

சரி, புத்தகம்தான் இருக்கிறதே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். வாங்கலாம். பெரியம்மா வீட்டுப் பிரதியை நானும் புரட்டியிருக்கிறேன். சாம்பார், ரசம், கூட்டு, ஊறுகாய்க்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் எந்தப் புத்தகமும் எழுதியவருடைய அடுப்படியில் இருந்துதானே வரும்? எங்கள் கரிசல் காட்டு அடுப்படி வேறு. முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, குதிரைவாலிச் சோறு, மழைக்காலத்தில் காட்டில் தானாக முளைக்கிற அதலைக்காய் - இதையெல்லாம் பட்டணத்துப் புத்தகத்தில் தேடினால் கிடைக்குமா? அங்கே அதலைக்காய் என்றால் என்ன காய் என்றுதான் கேட்பார்கள். எங்கள் சமையலை எங்களில் ஒருத்திதான் எழுத வேண்டும். அதுவும் எழுத ஆள் இருக்கும்போதே அளக்கவும் கை இருக்க வேண்டும்.

என் மாமியாருக்கு இப்போது 68 வயது. கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் திடமாக இருக்கிறது. அவர் கையை அளப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் தம்ளர். எல்லாரும் "ஒரு தம்ளர் அரிசி" என்கிறோம். எந்தத் தம்ளர்? எங்கள் வீட்டிலேயே நாலு விதம் இருக்கிறது. அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை உடைத்து ஊற்றிப் பார்த்தேன். மாமியார் அரிசி அளக்கும் எவர்சில்வர் தம்ளர் சரியாக இரண்டரைத் தடவை நிறைந்தது. ஆக, 200 மில்லி. இதைத் தெரிந்துகொண்டதும் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது கைப்பிடி. குழம்புக்கு ஆளுக்கு ஒரு கை துவரம் பருப்பு என்பது மாமியார் கணக்கு. அவரை ஐந்து தடவை அள்ளச் சொல்லி ஐந்து காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பலசரக்குக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்துக்கொண்டே எலக்ட்ரானிக் தராசில் போட்டார். 45 கிராம், 47, 45, 44, 46! கண் சரியாகத் தெரியாத காலத்திலும் அந்தக் கை இப்படித்தான் அள்ளியிருக்கும். அங்கேயே என் கையாலும் ஒரு பிடி அள்ளி நிறுத்தேன், 36 கிராம். இப்போது சொல்லுங்கள், "நாலு கை பருப்பு" என்று மட்டும் எழுதி வைத்தால் என் வீட்டுக் குழம்பும் அவர் வீட்டுக் குழம்பும் ஒன்றாகுமா?

உப்புதான் பெரிய பாடு. மாமியார் உப்பு ஜாடியில் கை விட்டால் அடுத்த நொடி அது சட்டியில் இருக்கும். அவர் கைக்குக் கீழே ஒரு கிண்ணத்தை நீட்டி, உப்பை அதில் வாங்கி, டீஸ்பூனால் தலைதட்டி அளந்து, பிறகு சட்டியில் போடுவேன். முதல் நாள் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏட்டி, இது என்ன கூத்து? உப்பைக் கிண்ணத்துல வாங்கி மறுபடி கொட்டுத! என் கைக்கும் சட்டிக்கும் நடுவுல உனக்கென்ன வேலை?" என்றார். "அத்தை, உங்க பேத்தி நாளைக்கு யார் கையைப் பார்ப்பா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே கிண்ணத்தை எடுத்து வைத்திருந்தார்.

உப்பில் இன்னொரு விஷயம். எங்கள் மாவட்டமே உப்பளம், வீட்டில் கல்லுப்புதான். ஒரு ஸ்பூன் கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். தூள் உப்பு இடைவெளி இல்லாமல் அடைந்து நிற்கும். ஆகவே கல்லுப்புக்கு எழுதிய ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும். எழுதும்போது எந்த உப்பு என்று எழுத வேண்டும். மிளகாய் வற்றலும் அப்படித்தான். விளாத்திகுளம் பக்கம் விளைகிற வற்றலில் குண்டு ஒரு ரகம், சம்பா ஒரு ரகம். காரம் ஒன்று போல இருக்காது. "வற்றல் ஆறு" என்று மட்டும் எழுதினால் போதாது.

இப்படி எழுதியதில் எனக்கு ரொம்பத் திருப்தி தந்தது சொதி. திருநெல்வேலிச் சைவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் சாப்பாடு என்பதால் மாப்பிள்ளை சொதி என்றும் சொல்வார்கள். ஆறு பேருக்குக் கணக்கு இது. பெரிய தேங்காய் ஒன்று. முதல் பால் ஒரு தம்ளர், இரண்டாம் பால் ஒன்றரை, மூன்றாம் பால் இரண்டு. பாசிப்பருப்பு 50 கிராம், தனியாக வேக வைத்து மசித்தது. பச்சை மிளகாய் எட்டும் இஞ்சி 15 கிராமும் சேர்த்து அரைத்த விழுது. சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பதினைந்து பல், முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. வெங்காயம் பூண்டை வதக்கி, காய்களை மூன்றாம் பாலில் வேக விட்டு, விழுதைப் போட்டு, பருப்பும் இரண்டாம் பாலும் ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். கல்லுப்பு மூன்று டீஸ்பூன். கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். இறக்கி ஐந்து நிமிஷம் கழித்து ஒரு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிவதோடு கசப்பும் தட்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

உளுந்தஞ்சோறும் எழுதியாகிவிட்டது, மாமியார் கணக்குப்படி. அரிசி ஒரு தம்ளர், தொலி உளுந்து அரைத் தம்ளர், தண்ணீர் நாலு தம்ளர், பூண்டு பன்னிரண்டு பல், வெந்தயம் அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், அரை மூடித் தேங்காய்த் துருவல், கல்லுப்பு இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைய, குக்கரில் நாலு விசில். அந்தச் சின்னப்பெண்ணுக்கு முதல் தட்டு கொடுத்தேன். இதுவும் அவள் அம்மா வைத்தது இல்லை. தெரியும். ஆனால் இது இந்த வீட்டு உளுந்தஞ்சோறு என்றாவது எழுத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உளுந்து வறுக்க எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்தேன். ஒரு நாள் ஆறு, ஒரு நாள் எட்டு. அடுப்பின் தீ, சட்டியின் கனம், உளுந்தின் ஈரம் எல்லாம் மாறுகிறதே. அதனால் நிமிஷத்தை அடித்துவிட்டு, "நாலைந்து உளுந்தில் செம்புள்ளி தெரிந்து, அடுத்த அறையில் இருப்பவருக்கு வாசம் எட்டும் வரை" என்று எழுதியிருக்கிறேன். கடுகுக்கு "சத்தம் அடங்கும் வரை". புளிக்கு மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டேன். மாமியாருடைய எலுமிச்சம்பழ அளவு 28 கிராம், நெல்லிக்காய் அளவு 14. சரியாகப் பாதி! இதைச் சொன்னதும் அவருக்கே ஒரு பெருமை வந்து, பக்கத்து வீட்டில் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நோட்டு 80 பக்க நோட்டுதான். இது வரை 31 பதார்த்தம் ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் "கணக்கு நோட்டா, சமையல் நோட்டா?" என்று கேலி செய்வார். ஆனால் நான் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளும் அதைப் பார்த்துத்தான் அவரும் மகளும் ரசம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பென்சிலால் "பெருங்காயம் அதிகம்" என்று ஒரு குறிப்பு வேறு!

அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். நாலு பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறார்கள். சொதிப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பி வைத்தேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான். "சித்தி, இஞ்சி 15 கிராம்னு போட்டிருக்கீங்க. இங்க தராசு இல்ல. அது எவ்வளவு நீளம்?" கட்டைவிரலின் இரண்டு கணு என்றேன். "யார் கட்டைவிரல் சித்தி?" என்றான். பாருங்கள், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது! ஸ்கேலை எடுத்து அளந்துதான் சொன்னேன். அதையும் நோட்டில் ஏற்றிவிட்டேன்.

இன்னும் எழுதாதது அதலைக்காய். ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் கரிசல் காட்டில் அது காய்க்கும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு முழுசாகத்தான் வதக்க வேண்டும், நறுக்கக் கூடாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதன் கசப்பு நாக்கில் நிற்காமல் இருக்க மாமியார் எதை எவ்வளவு சேர்க்கிறார் என்பதை இந்த வருஷம் கிண்ணத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, எட்டயபுரம்.